இரண்டு கோடு, ஒரு புள்ளி

ஒரு நாள் தவறாமல் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்த என் அப்பாவுக்கு,

நேற்றுப் போதகர் ஐயா வீட்டுக்கு வந்திருந்தார். உங்கள் முதல் வருட நினைவுநாள் வருகிறது, சபைப் பத்திரிகையில் போட நாலு வரி எழுதிக் கொடு எஸ்தர் என்றார். 'அன்பான தகப்பனார், கடமை தவறாத ரயில்வே ஊழியர்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அப்படி ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தவர் தும்மினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும், ரசத்தில் உப்பு குறைந்தால் மூன்று நாள் சொல்லிக் காட்டுவார்.

அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இது நாலு வரியில் அடங்காது. அச்சில் போடுவதும் போடாததும் ஐயாவின் இஷ்டம். சபையார் படிக்கட்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுக் கதையை ஊரெல்லாம் பேசினவர்கள்தானே, மிச்சத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. இரும்புலியூர் ரயில்வே கேட் இன்னமும் அப்படித்தான், மூடினால் திறக்க மனசே வருவதில்லை. நம் வீட்டு முருங்கை காற்றில் ஒரு கிளை போய்விட்டது. காய்க்கடைக்காரரிடம் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டால், "அவ்ளோதானா டீச்சர்?" என்கிறார். அவ்வளவுதான். அவரிடம் என்ன சொல்வது?

பள்ளிக்கூடம் விட்டதும் முன்னைப்போல ஓடி வருவதில்லை. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டும்வரை நோட்டுத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது கை தானாக இரண்டு டம்ளர் அளந்துவிடுகிறது. தனியாக இருக்கிறேன் அப்பா. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

வாட்ச் கதைக்கு வருகிறேன். அதுதான் விஷயமே.

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள், மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றி என் கையில் வைத்தீர்கள். தாத்தா கட்டி, நீங்கள் கட்டின வாட்ச். முகப்பில் கம்பெனிப் பெயர் அழிந்து போய் எத்தனையோ வருஷம். தாத்தா சுவிஸ் என்று சொன்னார் என்பீர்கள், நான் மூர்மார்க்கெட் போலிச் சரக்கு என்பேன், உடனே உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் அது டிக் டிக்கென்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "காதர் பாய்கிட்ட காட்டு" என்றீர்கள். "நல்லாத்தானே ஓடுது?" என்றேன். "காட்டு எஸ்தர்" என்று மறுபடியும் சொன்னீர்கள். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். அதுவும், போயும் போயும் காதர் பாய் கடைக்கு நான் போவதாவது?

சபையாருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் அக்கா, உங்கள் மூத்த மகள், காதர் பாய் கடையில் வாட்ச் ரிப்பேர் பார்த்த ஜமாலைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். சொல்லாமல் போனாள். அப்போது எனக்கு மாப்பிள்ளை பேசி, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டே வரியில் கடிதம் போட்டார்கள், சம்பந்தம் வேண்டாம் என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்று கத்தினேன். "இனிமே அவ பேரை இந்த வீட்ல யாராவது எடுத்தா நான் இந்தக் கெணத்துல விழுந்துடுவேன், ஆமா!"

அடுத்த வாரம் நீங்கள் ஆள் வைத்துக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டீர்கள். முருங்கை இலை விழுந்து தண்ணீர் கெடுகிறது என்றீர்கள். இலையெல்லாம் வலையின் ஓட்டை வழியாக வழக்கம்போல விழுந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஸ்டேஷன் ரோட்டில் காதர் பாய் கடை இருக்கும் பக்கம் நான் நடந்ததில்லை. எதிர்ச்சாரியில் சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் போவேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் வாட்ச்சுக்கு நான் சாவி கொடுத்தேன். காலை ரேடியோச் செய்திக்கு முன் பீப் பீப் என்று வருமே, அப்போது கொடுப்பீர்கள், எண்ணி இருபது சுற்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தக் கிர்ர் கிர்ர் சத்தம் கேட்டால் நீங்கள் கூடத்தில் நாற்காலியில் இருக்கிற மாதிரியே இருக்கும். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு தடவை. விளக்கு வைத்ததும் ஒரு தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து, அழுதுகொண்டே திருகினேன். உள்ளே 'டக்'கென்றது. பிறகு சாவி வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. முள் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. உங்களை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. உங்களுடைய ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தது, அதையும் நானே திருகிக் கொன்றுவிட்டேனே என்றிருந்தது. பல்லாவரத்தில் ஒரு கடையில் காட்டினேன், பழைய மெஷின், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க என்று கடைக்காரன் திருப்பி நீட்டினான். அப்போதுதான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. கௌரவத்தைத் தூர வைத்துவிட்டு ஒரு சாயந்திரம் ஸ்டேஷன் ரோட்டைக் குறுக்கே கடந்தேன்.

காதர் பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாம்மா டீச்சரம்மா. சார் சொல்லினு இருந்தாரு, நீ வருவேன்னு. நானும் ஒரு வருசமா வழிய பாத்துகினு கீறேன்."

"அப்பா சொன்னாரா? எப்போ?"

அவர் வாட்ச்சை வாங்கிக்கொண்டார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு கத்தி முனையால் பின்மூடியை நெம்பினார். "சுவிஸ்தாம்மா. மெஷின்ல பேரு கீது பாரு" என்றார். சரி அப்பா, ஒப்புக்கொள்கிறேன், மூர்மார்க்கெட் சரக்கு இல்லை. உள்ளே சாவிச் சுருள் அறுந்திருந்தது. "இன்னாம்மா இப்படி முறுக்கிக் கீறே?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "மெஷின் கெடக்கட்டும். மூடியைப் பாரு."

மூடியின் உட்புறத்தைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஏதோ கீறலாகத் தெரிந்தது, லென்ஸில் எழுத்தாகவும் எண்ணாகவும் தெரிந்தது. ஊசியால் கீறின, முடி அளவு எழுத்து.

"ரிப்பேர்க்காரன் ஒவ்வொரு தபா தொறந்தாலும் வருசமும் தன் குறியும் உள்ள கீறி வெப்பான்மா. அடுத்தாப்புல தொறக்கறவனுக்கு, யாரு எண்ணெ வுட்டான், எப்ப வுட்டான்னு தெரியணும்ல? எல்லா வாட்ச்லயும் கீது. சொந்தக்காரங்க மூடியைத் தொறந்து பாக்க மாட்டாங்க, அதான் தெரியாது."

மேலே தாத்தா காலத்து வருஷங்கள். பிறகு நீங்கள் விழுப்புரத்தில் இருந்த வருஷங்கள், நான் பிறந்த வருஷமும் அதில் இருந்தது. அப்புறம் நாம் தாம்பரம் வந்தது. அங்கிருந்து வருஷாவருஷம் ஒரு முக்கோணம். அது காதர் பாய் குறி. அறுபத்து மூன்றோடு முக்கோணம் நின்றது. ஒரு வருஷம் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே அறுபத்து ஐந்து. அதன் பக்கத்தில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அறுபத்து ஆறு, இரண்டு கோடு, ஒரு புள்ளி. அப்படியே எழுபத்து நாலு வரை.

"இது யாரோட குறி பாய்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜமால் குறி."

லென்ஸைக் கீழே வைத்தேன். "எந்த ஊர்ல இருக்கான்?"

"படப்பைலதாம்மா. மார்க்கெட்டாண்ட சின்னதா பொட்டி போட்டுகினு கீறான். சார் மாசம் ஒரு தபா போய்கினு இருந்தாரே. உனக்கு மெய்யாலுமே தெரியாதா?"

படப்பை! அப்பா, படப்பை!

தாம்பரத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். நான் அவளை பம்பாயிலோ பெங்களூரிலோ வைத்து நினைத்துக்கொண்டிருந்தேன். மாசா மாசம் ஒரு சனிக்கிழமை, பையை எடுத்துக்கொண்டு, படப்பைச் சந்தையில் கத்திரிக்காய் நன்றாக இருக்கும் என்று கிளம்புவீர்களே. கத்திரிக்காய்க்காக பஸ் ஏறிப் போகிற மனுஷரை நான் பார்த்ததே இல்லை என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். "ருசி தெரியாதவகிட்ட என்ன பேச்சு" என்பீர்கள். அந்தக் கத்திரிக்காயை எண்ணெய் விட்டு வதக்கி, குழம்பு வைத்து, உங்களோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேனே.

உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள், நான் மட்டும் கூடப்பிறந்தவள் இல்லாத மாதிரி இருக்க வேண்டும். நல்லா இருக்கு உங்க நியாயம்! செத்துப்போனவரோடு சண்டை போட வழியில்லாததால் காதர் பாயோடு போட்டேன். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டேம்மா. சின்னப் பொண்ணாண்ட சொல்லிடு சார், எத்தினி நாள் மறைப்பேன்னு கேட்டேன். சார் இன்னா சொன்னாரு தெரியுமா? 'பேரைச் சொன்னா கெணத்துல வுழுவேன்னு சொல்லியிருக்கா பாய். அவ சொன்னா செய்வா. ஒருத்தி போயிட்டா, இவளையும் என்னால வுட முடியாது.' அப்டியே இங்கதான், நீ குந்திகினு கீற எடத்துல குந்திகினு சொன்னாரு."

நான் எழுந்துவிட்டேன். அவர் மூடியைப் பொருத்தி வாட்ச்சை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பத்து வருசம் இன்னொருத்தன் கை பட்ட மெஷின். நான் தொட மாட்டேன். ரிப்பேர்க்காரன் அங்க கீறான், அங்க எடுத்துகினு போ."

வீட்டுக்கு வந்து நேரே கிணற்றடிக்குப் போனேன். இரும்பு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரு ஏறியிருக்கிறது. இலைக்காக இல்லை, எனக்காகப் போட்டது. கோபத்தில் கத்தின ஒரு வார்த்தையை நான் மறந்து போனேன். நீங்கள் அதை நம்பி இரும்பில் வலை அடித்து, பத்து வருஷம் வாயையும் பூட்டிக்கொண்டீர்கள்.

ஆனால் அப்பா, அந்தக் கோபம் இரண்டு வருஷம்கூட இல்லையே. உங்களுக்குத் தெரியாதா? ஒரு கிறிஸ்துமஸுக்கு மேஜையில் மூன்று தட்டு வைத்தேன். கை தவறி வைக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைத்தேன். நீங்கள் கேட்பீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேசலாம் என்று. நீங்கள் மூன்றாவது தட்டை எடுத்து, சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஆறவில்லை என்று நீங்கள் மூடிக்கொண்டீர்கள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குழம்பில் உப்பைப் பற்றிப் பேசினோம். இப்படியும் ஒரு அப்பாவும் மகளும் இருப்பார்களா?

மூன்று சனிக்கிழமை தள்ளிப்போட்டேன். தலைவலி, மழை, பரீட்சைத் தாள். நாலாவது சனிக்கிழமை காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். முடிச்சூர் தாண்டினதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. வாட்ச்சைக் கைக்குட்டையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மார்க்கெட் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்த சின்னக் கடை. ஜமால் குனிந்திருந்தார். நான் வாட்ச்சைக் கண்ணாடி மேல் வைத்தேன். அவர் முதலில் வாட்ச்சைத்தான் பார்த்தார். அதைத் தொட்டதும் கை நின்றது. அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வாங்க" என்றார். எழுந்து, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்து, "இங்க வந்து பாரு, யாரு வந்திருக்காங்கன்னு" என்று கூப்பிட்டார்.

அவள் வந்தாள். கொஞ்சம் பெருத்திருக்கிறாள். முந்தானை தலையில் இருந்தது. கையில் மண், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். நானாவது ஓடுவேன் என்று நினைத்தேன். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"இளைச்சிட்டடி" என்றாள்.

"நீ ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா?" என்றேன். பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் போய், இதுதான் வாயில் வந்தது.

"எப்படிடி வர்றது? நான் வந்தா நீ கெணத்துல விழுவேன்னு அப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு." மண் கையை முந்தானையில் துடைத்தாள். "அடக்கத்துக்குக்கூட வரலை. மூணாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தேன்."

உங்கள் கல்லறை மேல் மூன்றாம் நாள் ஒரு முழம் மல்லிகை கிடந்தது. சபையில் யாரோ வைத்தது என்று நினைத்திருந்தேன்.

உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கொல்லை நிறையக் கத்திரிச் செடி. சந்தையாவது ஒன்றாவது! பத்து வருஷமாக என் அக்கா வீட்டுக் கொல்லையிலிருந்துதான் நான் சாப்பிட்டிருக்கிறேன். அலமாரியில் நம் வீட்டு பிஸ்கட் டப்பா இருந்தது, மூடி நசுங்கினது. டிசம்பர் மாசம் அச்சுமுறுக்கு டப்பாவோடு காணாமல் போகுமே. இந்த வயசில் இவ்வளவு எண்ணெய்ப் பண்டமா என்று உங்களைத் திட்டுவேனே. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்குவீர்களே.

"போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு வரலை" என்றாள். "அப்போதான்டி அப்பா இல்லேன்னு எனக்கு உறைச்சுது."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். நன்றாக, சத்தமாகவே அழுதோம்.

ஜமால் புதுச் சுருள் மாட்டி, எண்ணெய் விட்டு, வாட்ச்சை ஓட வைத்தார். மூடியை மூடுவதற்கு முன்னால் ஊசியைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போடட்டுங்களா?" என்றார்.

"போடுங்க அத்தான்" என்றேன். அந்த வார்த்தை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. அவர் லென்ஸைச் செருகிக்கொண்டு மூடியின் மேல் குனிந்தார். அப்புறம் எழுபத்து ஐந்து, இரண்டு கோடு, ஒரு புள்ளி.

வாட்ச் மூத்தவளுக்குத்தான் சேர வேண்டும் என்று அவளிடம் நீட்டினேன். வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டாள். என் கையிலேயே கட்டிவிட்டாள்.

"எங்க வீடு பூரா வாட்ச்தான். நீயே வச்சுக்க. மாசம் ஒரு தடவை கொண்டு வா, பார்த்துத் தரச் சொல்றேன்."

"ஓடுற வாட்ச்சை மாசாமாசம் எதுக்குப் பார்க்கணும்?"

"அப்பாவுக்குப் பார்க்கலையா?" என்றாள்.

திரும்பி வரும்போது மடியில் கத்திரிக்காய்ப் பை. வீட்டில் விளக்கு இல்லை, கதவைத் திறந்ததும் அதே காலிக் கூடம், உங்கள் நாற்காலி. ஒரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்த்தேனா? மாறவில்லை. குழம்பு வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அரிசி இரண்டு டம்ளர்தான் போட்டிருந்தேன். உங்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் போலிருந்தது. சொல்ல முடியாதது இன்னமும் வலிக்கிறது. மேஜையில் வைத்து நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கிணற்றில் விழுந்திருக்க மாட்டேன் அப்பா. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பேன். அந்தப் பத்து வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது?

நினைவுநாளுக்கு அவள் வருகிறாள். கோயிலுக்குள் வர மாட்டாளாம். கல்லறைக்கு வருகிறேன், நீ கூட நில்லு என்றாள். நிற்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். தினம் இருபது சுற்றுக்கு மேல் திருக மாட்டேன். டிசம்பரில் முறுக்கு டப்பாவை நானே தூக்கிக்கொண்டு படப்பைக்குப் போவேன். வருகிற வெள்ளிக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், கிணற்று வலையைக் கழற்றி எடுக்க. பயப்படாதீர்கள். இந்தக் கடிதத்தை முடிக்கும்போது பதினோரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை என் கையாலேயே எழுதப் போகிறேன். எழுதிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக் குடிப்பேன். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் இளைய மகள்,
ரூத்தின் தங்கை,
எஸ்தர்